ஜெர்மனியில் உங்கள் பிள்ளை "ரிட்டர் ஆகப்போகிறேன்" என்று அடம்பிடித்தால்: வாள் பயிற்சியில் சேர்க்கும் வழி

ஜெர்மனிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வாரக் கடைசியில் ஏதாவது கோட்டைக்குக் கூட்டிப்போவோம், பிள்ளை இரும்புக் கவசத்தையும் வாளையும் பார்த்துவிட்டு அன்றிலிருந்து ரிட்டர், அதாவது அந்தக் காலத்துக் கவச வீரன், ஆகவேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சே பேசாது. பாதி பிள்ளைகள் ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். மறக்காத மீதிப் பேருடைய அப்பா அம்மாவுக்குத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் வீட்டில் 15 வயதுப் பெண் ஒருத்தி இப்போது நீள்வாள், அதாவது இரண்டு கையாலும் பிடிக்கும் நீளமான வாள், பழகுகிறாள். சேர்ப்பதற்குள் எந்தக் காகிதம், எவ்வளவு காசு, எந்த மாதம் என்று ஒழுங்காகச் சொல்ல ஆள் கிடைக்காமல் நாங்கள் அலைந்துவிட்டோம். நீங்களாவது அலையாமல் இருங்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வாளைக் கடைசியில் வாங்குங்கள். ஏன் என்று 6-வது படியில் விவரமாக இருக்கிறது, ஆனால் அதுவரை படிக்கப் பொறுமை இல்லாமல் பிள்ளை ஆர்டர் பொத்தானை அழுத்திவிடும் என்பதால் இங்கேயே சொல்கிறேன்.

1. எந்த "ரிட்டர்" என்று முதலில் கேளுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஐந்து தனித்தனி உலகங்கள் இருக்கின்றன, தப்பான இடத்துக்கு மின்னஞ்சல் போட்டால் வாரக்கணக்கில் பதில் வராது.

ஹிஸ்டோரிஷெஸ் ஃபெஷ்டன் என்பது 14, 15-ஆம் நூற்றாண்டு முதலான பழைய வாள் ஆசான்களின் சுவடிகளை வைத்துக்கொண்டு அந்த முறையிலேயே பயிற்சி செய்வது. ஜெர்மனியில் லீஷ்டெனவர் என்ற ஆசானின் வழிமுறைதான் அதிகம். முனை மழுங்கிய வாள், முகமூடி, கனத்த ஜாக்கெட். ஆங்கிலச் சுருக்கத்தில் எச்.இ.எம்.ஏ. என்பார்கள். இந்தக் கட்டுரை முழுக்க இதைப் பற்றித்தான்.

பூஹுர்ட் என்பது முழு இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு நிஜமாகவே மோதுவது. பெரியவர்களின் விளையாட்டு, கவசத்துக்கே ஆயிரக்கணக்கான யூரோ. ஷௌகாம்ஃப் என்பது மேடைச் சண்டை, சந்தைகளில் காட்டுவார்கள், ஒத்திகை பார்த்த அடிகள். லார்ப் என்பது நுரை வாளோடு காட்டில் கதாபாத்திரமாக வாழ்ந்து பார்ப்பது. கடைசியாக ஒலிம்பிக்கில் பார்க்கிற விளையாட்டு வாள்வீச்சு, அதற்குத் தனிச் சங்கங்கள்.

பிள்ளைக்கு உடை, குதிரை, கூடாரம், கதை இதுதான் ஆசை என்றால் லார்ப் போதும், சந்தோஷமாக இருப்பார்கள். "அந்த வாளை நிஜமாக எப்படிப் பிடித்தார்கள்" என்று கேட்கிற பிள்ளை என்றால் மேலே படியுங்கள்.

2. வயது

அந்தக் காலத்தில் பிரபுக்கள் வீட்டுப் பையனை 7 வயது வாக்கில் வேறொரு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், 14 வயது வாக்கில் க்னாப்பெ, அதாவது ரிட்டருக்கு உதவியாளாக இருந்து கற்றுக்கொள்பவன், 21 வாக்கில் ரிட்டர். இப்போது நிலைமை தலைகீழ். பல சங்கங்கள் இரும்பு வாளுக்கு 16 வயது என்று வைத்திருக்கின்றன, சிலவற்றில் 18. சில இடங்களில் 14-இலிருந்து சேர்ப்பார்கள், நுரை வாளோடு சின்னப் பிள்ளைகளுக்குக் குழு நடத்தும் சங்கங்களும் உண்டு, ஆனால் குறைவு.

உங்கள் பிள்ளைக்கு 8, 9 வயது என்றால் காத்திருக்கச் சொல்வதை விட விளையாட்டு வாள்வீச்சில் போடுங்கள். காலடி, தூரம் கணிப்பது, முகமூடிக்குள் பதறாமல் இருப்பது எல்லாம் அங்கேயே வந்துவிடும். குதிரைதான் பிடிக்கும் என்றால் ஃபோல்டிகீரன், அதாவது ஓடுகிற குதிரை மேல் உடற்பயிற்சி செய்வது, சின்ன வயதிலேயே சேர்த்துக்கொள்வார்கள், தனியாகச் சவாரி கற்பதை விடச் செலவும் குறைவு.

சிலம்பம் பழகிய பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. காலடி வரிசை சீக்கிரம் பிடிபடும், உடம்பு பயப்படாது, நல்ல ஆரம்பம். ஆனால் கம்பைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் அடக்கவேண்டி வரும். நீள்வாளில் முனை எப்போதும் எதிராளியை மிரட்டிக்கொண்டிருக்க வேண்டும், சுற்றப் போன நேரத்தில் குத்து விழுந்துவிடும்.

3. சங்கம் தேடுவதும் நேரம் பார்ப்பதும்

ஊர்ப் பெயரோடு "ஹிஸ்டோரிஷெஸ் ஃபெஷ்டன்" (Historisches Fechten) அல்லது நீள்வாளைக் குறிக்கும் "லாங்கெஸ் ஷ்வெர்ட்" (Langes Schwert) என்று ஜெர்மன் மொழியில் தேடுங்கள். டே.டே.ஹா.எஃப். (DDHF) எனப்படும் வரலாற்று வாள்வீச்சாளர்களின் ஜெர்மன் கூட்டமைப்பின் தளத்தில் உறுப்புச் சங்கங்களின் பட்டியல் இருக்கிறது. உங்கள் ஊரின் பெரிய விளையாட்டுச் சங்கங்களையும் பாருங்கள், கால்பந்து, டேபிள் டென்னிஸோடு ஒரு மூலையில் வாள்வீச்சுப் பிரிவும் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சந்தா குறைவாக இருக்கும்.

நேரம் முக்கியம். நிறைய இடங்களில் புதியவர்களை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கமாட்டார்கள், ஆரம்ப வகுப்பு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். கோடை விடுமுறை முடிந்ததும் ஒன்று, ஜனவரி வாக்கில் ஒன்று என்பது வழக்கம். அதனால் கோடை விடுமுறைக்கு முன்பே எழுதிக் கேட்டுப் பெயர் கொடுத்துவிடுங்கள். விடுமுறையில் பெரும்பாலும் பள்ளிக்கூட ஹாலே பூட்டியிருக்கும், மின்னஞ்சலுக்கும் ஆள் இருக்காது, எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டே இலவசமாகச் சங்கம் நடத்துபவர்கள். பதில் வரவில்லை என்றால் கோபப்படாமல் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல்.

மின்னஞ்சலில் நாலு விஷயம் போதும்: பிள்ளையின் வயது, முன் அனுபவம், ஜெர்மன் எவ்வளவு தெரியும், எப்போது வந்து பார்க்கலாம். வயதை எழுதாமல் விட்டால் அதைக் கேட்டே ஒரு மின்னஞ்சல் வரும், இன்னொரு வாரம் போய்விடும்.

பயிற்சி நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல நேரமெல்லாம் கைப்பந்துக்காரர்களுக்குப் போய்விடுவதால் வாள்வீச்சுக்கு இரவு 8 முதல் 10 வரை என்பது சகஜம். மறுநாள் பள்ளிக்கூடம். யார் கூட்டிவருவது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டுச் சேருங்கள்.

4. ப்ரோபெட்ரைனிங், அதாவது போய்ப் பார்க்கும் நாள்

ஒன்று முதல் மூன்று தடவை வரை பெரும்பாலும் இலவசம். வாள், முகமூடி எல்லாம் சங்கத்திலேயே தருவார்கள். கொண்டுபோக வேண்டியது நீளமான ட்ராக் பேன்ட், டீ-ஷர்ட், தண்ணீர், அப்புறம் தரையில் கறை விழாத அடிப்பாகம் கொண்ட ஹால் ஷூ. தெருவில் போட்ட ஷூவோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், இதற்காகத் திரும்பி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கம்மல், வளையல், செயின் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட வேண்டும். நீளமான முடியை இறுக்கிப் பின்னி, முகமூடியின் பட்டைக்குக் கீழே வருகிற மாதிரி கட்டவேண்டும். கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் முகமூடிக்குள் அது உட்காருகிறதா என்று அன்றே போட்டுப் பாருங்கள். வயிறு முட்டச் சோறு சாப்பிட்டுப் போகவேண்டாம்.

நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கவேண்டியது பிள்ளையை இல்லை, பயிற்சியாளரை. "ஹால்ட்" (நிறுத்து) என்று ஒரு குரல் கேட்டதும் ஹாலில் உள்ள எல்லா வாளும் அந்த நொடியே நிற்கிறதா? முகமூடி இல்லாமல் யாராவது வாளோடு விளையாடினால் அதட்டல் விழுகிறதா? பலசாலி ஒருவன் புதியவளோடு பழகும்போது அடியைக் குறைத்துக்கொள்கிறானா? இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த இடம் வேண்டாம், எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சரி.

5. காகிதங்கள்

ஆஃப்னாமெ ஆன்ட்ராக் எனும் சேர்க்கைப் படிவம் ஒன்று. சந்தாவை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள செபா அனுமதிப் படிவம் ஒன்று, இதற்கு ஐபான் எண் வேண்டும். 18 வயதுக்குக் குறைவு என்பதால் பெற்றோர் சம்மதக் கடிதம். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: பிள்ளைக்கு அப்பா அம்மா இருவரும் சட்டப்படி பொறுப்பு என்றால் இருவர் கையெழுத்தும் கேட்கும் சங்கங்கள் உண்டு. ஒருவர் ஊருக்குப் போயிருந்தால் ஸ்கேன் செய்து அனுப்பலாமா, அசல்தான் வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். மாணவர் சலுகைக்குப் பள்ளியில் கொடுக்கும் ஷூல்பெஷைனிகுங் எனும் மாணவர் சான்று. புகைப்படம் எடுத்து வெளியிட அனுமதி என்று இன்னொரு தாள் இருக்கும், அது கட்டாயம் இல்லை, விருப்பமில்லை என்றால் "இல்லை" என்று குறித்துவிடலாம், அதற்காகச் சேர்க்கையை யாரும் மறுப்பதில்லை.

கையெழுத்துப் போடும் முன் ஸாட்ஸுங் எனப்படும் சங்க விதிகளைக் கேட்டு வாங்கி, விலகுவது பற்றிய பத்தியை மட்டுமாவது படியுங்கள். காரணம் கடைசிப் படியில்.

காப்பீடு இரண்டு விதம். அடிபட்டால் வழக்கமான மருத்துவக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். ஆனால் படிக்க வந்த மாணவர்கள் எடுக்கும் மலிவான தனியார் காப்பீடுகளில் சில விளையாட்டுகளை விலக்கியிருப்பார்கள், அதை வாசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை அடுத்தவர் பல்லையோ ஹால் கண்ணாடியையோ உடைத்தால் குடும்பத்தின் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் காப்பீடு வேண்டும். இந்த நாட்டில் அது இல்லாமல் இருப்பதே ஆபத்து, வாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சங்கம் மாநில விளையாட்டுச் சம்மேளனத்தில் உறுப்பு என்றால் உறுப்பினர்களுக்கு விளையாட்டுக் காப்பீடும் சேர்ந்து வரும். சோதனைப் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் அது செல்லுமா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

மாதச் சந்தா சங்கங்களில் 15 முதல் 35 யூரோ வரை நாங்கள் பார்த்தோம், சேர்க்கைக் கட்டணம் தனி. தனியார் வாள்வீச்சுப் பள்ளிகள் என்றால் அதைவிட அதிகம். வோன்கெல்ட் (வீட்டு வாடகை உதவி) அல்லது கிண்டர்ட்ஸூஷ்லாக் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பிள்ளை உதவித்தொகை) வாங்கும் குடும்பம் என்றால் 18 வயது வரை பிள்ளையின் சங்கச் சந்தாவுக்கு மாதம் 15 யூரோ அரசு தரும், பில்டுங் உண்ட் டைல்ஹாபெ என்ற திட்டத்தில். நம்மவர்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை, விண்ணப்பத்தோடு சங்கத்தின் உறுப்பினர் சான்றை வைத்தால் போதும்.

6. சாமான்கள்: எதை எப்போது வாங்குவது

முதல் சில மாதம் எதுவும் வாங்காதீர்கள். ஷூ மட்டும். சங்கத்துச் சாமான் வியர்வை நாற்றம் அடிக்கும்தான், பரவாயில்லை.

பிள்ளை விடாமல் போகிறது என்று தெரிந்ததும் முகமூடி. 80 முதல் 150 யூரோ. புதிதாக வாங்குங்கள், ஏனென்றால் பழைய முகமூடியின் வலையில் துரு, நசுங்கல் இருந்தால் அது எவ்வளவு தாங்கும் என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது. விளையாட்டு வாள்வீச்சு முகமூடி பின்னந்தலையை மூடாது, அதற்கு மேல் உறை தனியாக 30, 40 யூரோவுக்கு வாங்க வேண்டும். போட்டுக்கொண்டு தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், நகர்ந்தால் அளவு சரியில்லை. அதோடு கழுத்துக் காப்பு, 30 முதல் 45 யூரோ. கழுத்துக் காப்பு இல்லாமல் குத்துப் பயிற்சி கிடையாது, அதில் பேரமே இல்லை.

மூன்றாவது கையுறை. இந்த விளையாட்டில் அதிகம் அடிபடுவது விரல்தான். மெதுவான பயிற்சிக்குச் சாதாரண கையுறை போதும், ஆனால் இரும்பு வாளோடு மோதிப் பழக ஆரம்பித்தால் கடினமான கூடு வைத்த கனத்த கையுறை வேண்டும், 130-இல் தொடங்கி 300 யூரோவைத் தாண்டும். சின்னக் கைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு அளவு கிடைப்பது கஷ்டம். சங்கத்தில் நாலு பேரின் கையுறையைப் போட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள், எங்கள் பெண் பியானோவும் வாசிக்கிறாள் என்பதால் நான் கொஞ்சம் கூடுதலாகவே பயந்தவன்.

நாலாவது ஜாக்கெட், 180 முதல் 280 யூரோ. 350 நியூட்டன், 800 நியூட்டன் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் துணி கிழியாமல் குத்தைத் தாங்குவதைச் சொல்கிறது, அடி வலிக்குமா வலிக்காதா என்பதை இல்லை. வலியைக் குறைப்பது உள்ளே இருக்கும் பஞ்சு. 800 என்று பார்த்துவிட்டு மெல்லிய ஜாக்கெட் வாங்கினவர்கள் தோள் முழுக்க நீலம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வளரும் பிள்ளை என்பதால் கொஞ்சம் தளர்வாக, முடிந்தால் பழையதாக, க்ளைனன்ட்ஸைகன் எனும் பழைய பொருள் விளம்பரத் தளத்திலோ சங்கத்திலோ வாங்குங்கள். ஜாக்கெட் பழையது வாங்கினால் தப்பில்லை. பெண் பிள்ளைக்கு ஜாக்கெட்டுக்குள்ளே போட மார்புக் காப்புத் தகடு, பையனுக்கு இடுப்புக் கீழ்க் காப்பு, இருவருக்கும் முழங்கை, முழங்கால் காப்பு. இவை எல்லாம் சேர்த்து 100 முதல் 150 யூரோவுக்குள்.

கடைசியில்தான் வாள். பயிற்சி வாளை ஃபெடர் என்பார்கள். 130 சென்டிமீட்டர் வாக்கில் நீளம், எடை ஒன்றரைக் கிலோ பக்கம், வளையக்கூடிய அலகு, முனை மழுங்கி உருண்டையாகவோ மடித்தோ இருக்கும். 250 முதல் 400 யூரோ. நல்ல பட்டறைகளில் ஆர்டர் கொடுத்தால் வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே, உதாரணமாக ஹங்கேரியிலிருந்து, வாங்கினால் சுங்கம் கிடையாது. பிரிட்டனிலிருந்தோ உக்ரைனிலிருந்தோ வரவழைத்தால் 19 சதவீத இறக்குமதி வரியையும் கணக்கில் சேருங்கள். ஏன் கடைசியில் என்றால், எவ்வளவு நீளம், எவ்வளவு விறைப்பு, எந்தப் பிடி என்பது சில மாதம் பழகின பிறகுதான் பிள்ளைக்கே தெரியும். சில சங்கங்கள் குறிப்பிட்ட வகைகளைத்தான் அனுமதிக்கின்றன, வாங்கியதை ஹாலுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள்.

ஊருக்குப் போகும்போது வாங்கி வரலாமே என்று ஒரு யோசனை எல்லார் வீட்டிலும் வரும். டேராடூனில் ஐரோப்பிய வாள் நகல்கள் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் சுவரில் மாட்டச் செய்த வாளும் மோதிப் பழகச் செய்த வாளும் வேறு. அலங்கார வாள் மோதும்போது உடைந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கூர்மையான வாள் என்றால் ஜெர்மன் ஆயுதச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வைத்திருக்கவே கூடாது.

எல்லாம் கூட்டினால் 800 முதல் 1400 யூரோ வரை. ஒரே மாதத்தில் இல்லை, ஒன்றரை வருடத்தில் பரப்பினால் தாங்கும். பிறந்தநாள், கிறிஸ்துமஸ், பொங்கல் காசு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போடச் சொல்லிவிட்டோம்.

7. ட்ராமில் வாள்

மழுங்கிய பயிற்சி வாளாக இருந்தாலும் வெளியே தெரியும்படி தூக்கிக்கொண்டு போகவே கூடாது. மூடிய பை, ஜிப், முடிந்தால் ஒரு சின்னப் பூட்டு. மீன்பிடித் தூண்டில் வைக்கும் நீளப் பை கச்சிதமாகப் பொருந்தும், 30 யூரோவுக்குக் கிடைக்கும். நிலையத்தில் வைத்து நண்பர்களுக்குத் திறந்து காட்டக் கூடாது என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். போலீஸ் கேட்டால் பதற்றமில்லாமல் "பயிற்சிக்குப் போகிறேன்" என்று சொல்லிச் சங்க அட்டையைக் காட்டினால் போதும். அவர்களே கேட்கும்வரை பையைத் திறக்கவேண்டாம். பயிற்சி முடிந்து நேராக வீட்டுக்கு, வழியில் கடை, நண்பர் வீடு கிடையாது.

8. முதல் ஆறு மாதம் எப்படி இருக்கும்

சலிப்பாக இருக்கும். நடை, நடை, திரும்பவும் நடை. வாளைப் பிடித்துத் தற்காப்பாக நிற்கும் நாலு நிலைகள்: ஓக்ஸ், ஃப்ளூக், ஆல்பர், ஃபொம் டாக். பிறகு தோளிலிருந்து சாய்வாக இறங்கும் ட்ஸோர்ன்ஹாவ் வெட்டு, அதையே ஒரு பருவம் முழுக்க. "இன்னும் சண்டை போட விடவில்லை" என்று பிள்ளை முறையிடும், இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

இந்த மாதங்களில்தான் எங்கள் பெண்ணிடம் மாற்றம் தெரிந்தது, வாளில் இல்லை, வேறு இடத்தில். மோதிப் பழகும்போது தன் மேல் அடி விழுந்தால் அடிபட்டவர்தான் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும், நடுவர் சொல்லக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் தம்பியோடு சண்டை என்றால் கடைசிவரை ஒத்துக்கொள்ளாத பெண், அங்கே போய்க் கையைத் தூக்குகிறாள். (வீட்டில் இன்னும் தூக்குவதில்லை.) ஜோடிப் பயிற்சியில் அடிக்கிறவர் நிஜமாக அடிப்பதுபோலச் சரியான தூரத்தில் அடித்துக் கொடுக்காவிட்டால் எதிரில் இருப்பவர் எதையும் கற்க முடியாது, அதனால் அடுத்தவர் கற்பதற்காக வேலை செய்யவும் பழகுகிறார்கள். முடிந்ததும் பேராசிரியரோ பள்ளி மாணவியோ, எல்லாரும் துடைப்பம் பிடிக்கிறார்கள்.

வாளைப் பராமரிப்பது பிள்ளையின் வேலை, நீங்கள் செய்யாதீர்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் வியர்வையைத் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் லேசாகத் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், இந்தக் குளிரில் கட்டிதட்டிப் போகும். மோதிய இடத்தில் அலகில் பிசிறு எழும், அதை அரத்தால் தேய்த்து உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் ஜாக்கெட் கிழியும், கை கீறும். மாதம் ஒருமுறை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். ஜாக்கெட்டைப் பையிலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவை மூக்குக்குத் தெரிந்தால் போதும்.

ஊரில் தாத்தா பாட்டி "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கத்தி" என்று போனில் ஆரம்பிப்பார்கள். முகமூடியோடு ஒரு வீடியோ அனுப்புங்கள். எங்கள் வீட்டுப் பாட்டி இப்போது கோவிலில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார்.

9. நிறுத்த வேண்டி வந்தால்

ஊர் மாறலாம், பரீட்சை வரலாம், ஆசையே போய்விடலாம். சங்கத்தில் வருவதை நிறுத்தினால் மட்டும் சந்தா நிற்காது, எழுத்தில் கியூண்டிகுங், அதாவது விலகல் கடிதம், கொடுக்க வேண்டும். பல சங்கங்களில் வருடக் கடைசியில்தான் விலக முடியும், அதற்கும் மூன்று மாதம் முன்னால், அதாவது செப்டம்பர் 30-க்குள் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். அக்டோபரில் அனுப்பினால் இன்னொரு வருடச் சந்தா. தனியார் பள்ளி என்றால் விதி வேறு: 2022 மார்ச் 1 முதல் போட்ட ஒப்பந்தங்களில் முதல் காலம் முடிந்து தானாக நீண்டால், அதன் பிறகு ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போதும் விலகலாம். இந்த மாதக் கணக்கைச் சங்கத்திடம் போய்ப் பேசினால் செல்லாது, அங்கே ஸாட்ஸுங்தான் சட்டம்.

கடிதத்தில் பிள்ளையின் பெயர், உறுப்பினர் எண், விலகும் தேதி, செபா அனுமதியை ரத்து செய்கிறேன் என்ற வரி, உறுதிப்படுத்திப் பதில் அனுப்பவும் என்ற வரி, பெற்றோர் கையெழுத்து. மின்னஞ்சல் போதுமா, தபால்தான் வேண்டுமா என்பதை ஸாட்ஸுங்கில் பாருங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். சாமான்களை அடுத்த ஆரம்ப வகுப்பு தொடங்கி சில மாதம் கழித்து விற்பனைக்குப் போடுங்கள், அப்போதுதான் புதியவர்கள் தேட ஆரம்பிப்பார்கள். வாளும் ஜாக்கெட்டும் நல்ல விலைக்குப் போகும், கையுறை கொஞ்சம் குறைத்துத்தான் போகும், முகமூடியை யாருக்கும் விற்காதீர்கள்.